கடிக்கும் செருப்பும் பொருந்தாத சைக்கிளும்

புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு கட்டை தூரம் நடந்து, குதிகாலில் தோல் உரிந்துவிட்டால், 'செருப்புக் கடித்துவிட்டது' என்கிறோம். செருப்புக்குப் பல் கிடையாது. அதைச் செய்தவர் ஏதோ ஒரு காலை மனதில் வைத்துத்தான் செய்திருப்பார். அந்தக் காலை அது கடிக்கவும் மாட்டாது. நமது காலிலும் குறையில்லை. குறை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. இடையில் இருக்கின்ற ஒன்றைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க முடியாதென்பதால் நாம் செருப்பின்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். சில வீடுகளில் பழி காலுக்குப் போகும். "நாலு நாளைக்குப் போடு, பழகிப் போகும்" என்று நமது உம்மாமார் சொல்வது அந்த வகையைச் சேர்ந்தது.

ஒரு பொருள் நமக்குப் பொருந்தவில்லையென்றால் அதைத் திருத்துவதா, நம்மைத் திருத்திக்கொள்வதா, அல்லது அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பதா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் இந்த மூன்று வழிகளில் எதை எப்போது எடுப்பது என்பதில்தான் சிக்கனம், நன்றி, பொறுமை, பிடிவாதம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் பல குணங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. இந்தக் கேள்வியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு ரேசிங் சைக்கிள்.

2022 இன் நடுப்பகுதியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஜூன் 26 ஆம் திகதி ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாக ஏறியது. அடுத்த ஓரிரு நாட்களில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் கிடைத்தது. எனது வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் எட்டுக் கிலோமீற்றர். பழைய சைக்கிள்களெல்லாம் தூசி தட்டப்பட்டு வீதிக்கு வந்த அந்த நாட்களில்தான், கொழும்பில் தொழில் பார்க்கும் எனது மச்சான், ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களை விற்கும் ஒரு கடையில் எனக்கென்று ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றி அனுப்பினார். மெல்லிய இரும்புக் குழாய்களாலான பிரேம், ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலக் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில், விரலளவு டயர். தூக்கினால் ஒரு கையில் வந்துவிடும். மச்சான் ஆறடிக்குச் சற்றுத்தான் குறைவு. கடையில் தான் ஏறிப் பார்த்து, தனக்குச் சுகமாக இருந்ததால் எனக்கும் அப்படியே இருக்குமென்று எடுத்திருக்கிறார். நான் ஐந்தடி ஐந்து அங்குலம்.

முதல் மாதம் சுகமாகத்தான் இருந்தது. கச்சான் காற்று எதிரே வீசும் வயல்வெளியில், மற்றவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகையில், நான் குனிந்து காற்றை வெட்டிக்கொண்டு போனேன். பிறகு பிடரி வலித்தது. அதன் பின் வலது கையின் சின்ன விரலும் மோதிர விரலும் மரத்துப்போகத் தொடங்கின. எட்டாத ஹேண்டிலை எட்டிப் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையின் அடிப்பாகத்தில் இறங்குகிறது. அந்த இடத்தில் ஓடும் நரம்புதான் இந்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி கொடுப்பது. சைக்கிளோடிகளுக்கு இது தெரிந்த வியாதி. காலையில் முதலாம் பாடவேளைக்குக் கரும்பலகையில் எழுதினால் சோக்கட்டி விரலுக்குள் நிற்காது. பிள்ளைகளைக் கையெழுத்துக்காகக் கண்டிக்கும் ஒருவனின் எழுத்து, பலகையின் வலது மூலைக்குப் போகப் போகச் சரிந்துகொண்டே போனது.

சந்தியில் சைக்கிள் திருத்தும் காக்கா ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சேர், இது உங்கட அளவில்ல. ஒண்டில் சைக்கிள மாத்தணும், இல்லாட்டி ஆள மாத்தணும்" என்றார். அவர் பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் சைக்கிளின் சரித்திரமே அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பதைப் பிறகு வாசிக்கையில் கண்டேன்.

1870களில் ஐரோப்பாவில் ஓடிய சைக்கிளுக்கு முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் சின்னஞ்சிறியது. பெடல் முன்சக்கரத்தின் நடுவிலேயே பூட்டப்பட்டிருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. ஆகவே சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம். சக்கரம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை ஓட்டுபவரின் கால் நீளம் தீர்மானித்தது. நெட்டையருக்குப் பெரிய சக்கரம், குட்டையருக்குச் சின்னச் சக்கரம். சட்டை தைப்பதுபோல அளவெடுத்து வாங்கவேண்டும். அண்ணனின் சைக்கிளைத் தம்பி ஓட்ட முடியாது. 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற சைக்கிளை வெளியிட்டார். கிட்டத்தட்டச் சம அளவான இரண்டு சக்கரங்கள், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு செயின். சக்கரத்துக்கும் காலுக்கும் இருந்த உறவை அந்தச் செயின் பிரித்துவிட்டது. ஒரே சக்கரத்தை எல்லாரும் ஓட்டலாம், சீட்டை மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டால் போதும் என்ற நிலை வந்தது. இன்று நாம் ஓட்டும் லுமாலாவும் அந்த வம்சம்தான்.

பிரேமுக்கு மட்டும் பல அளவுகள் எஞ்சி நின்றன. 1990களின் பிற்பகுதியில் அதையும் குறைக்கும் ஏற்பாடு வந்தது. தாய்வானின் ஜயன்ட் கம்பனிக்காக மைக் பரோஸ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த ரேசிங் சைக்கிளில் மேற்குழாய் பின்னோக்கிச் சரிந்திருந்தது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே மூன்று பிரேம்கள். மிச்சத்தையெல்லாம் நீண்ட சீட் கம்பியாலும், ஹேண்டிலின் கழுத்தை மாற்றுவதாலும் சரிப்படுத்திக்கொள்ளலாம். தொழிற்சாலைக்கு இலாபம், கடைக்காரருக்கும் மூன்று அளவை அடுக்கி வைத்தால் போதும். பொருத்தம் பார்க்கும் வேலையும் பொறுப்பும் மெல்ல மெல்லச் செய்பவரிடமிருந்து ஓட்டுபவரிடம் வந்து சேர்ந்தன. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அளவெடுத்துத்தான் செய்வோம் என்று அவர்கள் நின்றிருந்தால், எங்களைப் போன்ற வாத்தியார்களின் கைக்குச் சைக்கிள் வந்தே இருக்காது. எல்லாருக்குமென்று செய்யப்பட்ட எதுவும் ஒருவருக்கென்று செய்யப்பட்டதாக இருக்க முடியாது. ஆகவே பொருந்தாமை என்பது விபத்தல்ல. மலிவுக்கு நாம் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி.

அளந்து பார்த்தேன். பிரேம் 56 சென்டிமீற்றர். என்னுடைய உயரத்துக்கு ஏறக்குறைய 53 போதும். எனது உட்கால் நீளம் 77. அதை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய உயரம் வரும் என்று ஒரு கணக்குண்டு. அமெரிக்க ஓட்டவீரர் கிரெக் லெமொன்டின் பெயரோடு வழங்கும் கணக்கு அது. எனக்கு 68 வருகிறது. அந்த உயரத்துக்குச் சீட்டை இறக்க முடிந்தது. கால் சரி. எட்டாதிருந்தது கை. அந்த மூன்று சென்டிமீற்றருக்கு என்ன செய்வது?

எங்கும் பலர் கையாளும் வழியொன்று உண்டு. சீட்டின் அடியில் இருக்கும் ஆணியைத் தளர்த்தி, அதை முன்னால் தள்ளிவிடுவது. ஐந்து நிமிட வேலை, செலவில்லை. கை எட்டும். ஆனால் சீட்டின் இடம் கைக்காக ஏற்பட்டதல்ல, காலுக்காக ஏற்பட்டது. இடுப்பு, முழங்கால், பெடல் ஆகிய மூன்றுக்கும் இடையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருப்பது நல்லதென்பார்கள். சீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், உயர்ந்தால் பின்பக்கம் நோகும். கைக்கு உதவி செய்யப்போய்ச் சீட்டை முன்னால் தள்ளினால் பாரம் இன்னும் கைக்கே போகிறது, முழங்காலும் கெடுகிறது. ஆகவே முதலில் பாதம், பிறகு சீட், கடைசியில் ஹேண்டில் என்ற வரிசையில்தான் சைக்கிளை ஆளுக்குப் பொருத்தவேண்டும். குறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை வைக்கவேண்டும். எங்கே இலேசாக ஆணி தளர்கிறதோ அங்கே கை வைத்தால் நல்லாயிருக்கும் ஓர் இடமும் கெட்டுப்போகும். குடும்பங்களிலும் நிர்வாகங்களிலும் நடக்கும் பல திருத்தங்கள் இந்தச் சீட்டுத் தள்ளும் திருத்தங்கள்தான். எவர் எதிர்த்துப் பேசமாட்டாரோ அவரை நகர்த்துவோம்.

சரியான திருத்தம் ஹேண்டிலைத் தாங்கும் கழுத்துத் துண்டை மாற்றுவது. என்னுடையதில் இருந்தது 110 மில்லிமீற்றர். 80 போட்டால் மூன்று சென்டிமீற்றர் கிடைத்துவிடும். கணக்கில் எல்லாம் சரி. ஆனால் அந்தத் துண்டு எங்கள் ஊரில் கிடைக்காது. கிடைத்தாலும் ஹேண்டிலைக் கவ்வும் துளை பொருந்தவேண்டும். ஒன்று 26.0 மில்லிமீற்றர், மற்றது 25.4. கண்ணுக்குத் தெரியாத 0.6 வித்தியாசம், இறுக்கிப் பிடிக்க விடாது. கழுத்துக் குட்டையானால் திருப்பமும் பழைய மாதிரி இருக்காது. கொஞ்சம் பதற்றமாகத் திரும்பும். இவை எல்லாவற்றையும் சரிக்கட்டினாலும், எந்தத் துண்டாலும் சரிக்கட்ட முடியாத ஒன்று மிஞ்சியது. நிலத்திலிருந்து சைக்கிளின் பார் 80 சென்டிமீற்றர். எனது கால் 77. வயல் வீதியில் மாடு குறுக்கே வந்து சடுதியாக நிற்கவேண்டி ஏற்பட்டால், நான் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி நிற்க முடியாது. சைக்கிளை ஒருபக்கம் சரித்தே ஆகவேண்டும். கழுத்தை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், பிரேமை வெட்டிக் குறைக்க முடியாது.

காக்கா இன்னொரு வழி சொன்னார். வளைந்த ஹேண்டிலைக் கழற்றி வீசிவிட்டு, சாதாரண ஹேண்டில் ஒன்றைப் போட்டு, பிரேக் பிடியையும் மாற்றி, பின்னால் ஒரு கரியரும் பூட்டினால் கை எட்டும், கொப்பிக் கட்டும் ஏற்றலாம் என்றார். வாஸ்தவம்தான். ஆனால் அப்படிச் செய்தால் அது ரேசிங் சைக்கிளாக இருக்காது, நல்ல லுமாலாவாகவும் இருக்காது. காற்றை வெட்டுவதற்கென்று செய்யப்பட்ட ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் எனக்கு வசதியில்லை என்று பிறகும் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். ஒன்றைத் திருத்துவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அது எதற்காக இருக்கிறதோ அதை எடுத்துவிட்ட பிறகு நாம் வைத்திருப்பது அதன் பெயரை மட்டும்தான்.

இந்த எல்லையைப் பற்றிச் சொல்கையில் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். சீட் கம்பியிலும் கழுத்துக் கம்பியிலும் சின்னக் கோடொன்று பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு குழாய்க்கு வெளியே தெரியுமளவுக்குக் கம்பியை உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் முறியும். எவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கலாம் என்பதைச் செய்தவனே அதன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறான். மனிதரின் பொறுமையில் அப்படியொரு கோடு கண்ணுக்குத் தெரியும்படியாக இல்லை. அதனால்தான் நாம் அதைத் தாண்டிப் பலதையும் இழுத்துவிடுகிறோம்.

பொறுமைக்கு நமது சமூகத்தில் பெரிய மதிப்புண்டு. இருக்கவேண்டியதுதான். 'கொஞ்ச நாள் ஓட்டினால் பழகிவிடும்' என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். அவர்களை மறுக்கவும் முடியவில்லை. பழகாத உடம்பு எந்தச் சைக்கிளில் ஏறினாலும் முதல் இரண்டு கிழமைக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைப் பார்த்துப் பயந்து சைக்கிளை மாற்றுபவர் ஆயுள் முழுவதும் மாற்றிக்கொண்டே இருப்பார். அப்படியானால் எந்த வலியைப் பொறுப்பது, எதைப் பொறுக்காமலிருப்பது? நான் கண்டுகொண்ட அளவுகோல் எளிமையானது. பழகாததால் வரும் வலி நாளுக்கு நாள் குறையும். பொருந்தாததால் வரும் வலி நாளுக்கு நாள் கூடும். எனது தொடை வலி மூன்றாம் கிழமையில் இல்லாமலே போனது. விரலின் மரத்துப்போதல், முதலில் பாடசாலை வாசலில் தீர்ந்து, பிறகு முதலாம் பாடவேளைக்கு நீண்டு, பிறகு இடைவேளை வரை வந்தது. முன்னதைப் பொறுத்தது பொறுமை. பின்னதைப் பொறுத்தால் அது யோசிக்கும் சிரமத்திலிருந்து தப்பிக்கொள்வது. உடம்பும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தானே.

ஒருமுறை பொருத்திவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. பெல்ஜியத்தின் எடி மேர்க்ஸ் சைக்கிளோட்டத்தில் நிகரில்லாதவர் எனப் பெயரெடுத்தவர். பிரான்ஸைச் சுற்றும் பெரும் போட்டியை ஐந்து தடவை வென்றவர். 1969 செப்டெம்பரில் பிரான்ஸின் புளுவா நகரில் ஓடுகளத்தில் நடந்த விபத்தில், அவருக்கு முன்னால் இயந்திர வண்டியில் சென்றவர் இறந்துபோனார். மேர்க்ஸின் முதுகும் இடுப்பும் அடிபட்டன. அதற்குப் பிறகு தன் சீட்டின் உயரத்தை அவர் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார். 1972 இல் மெக்சிக்கோ நகரில் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடிச் சாதனை படைத்தது அந்த நொந்த இடுப்போடுதான். சைக்கிள் அதே அளவில் இருந்தாலும் ஆள் அதே ஆளாக இருப்பதில்லை. பொருத்தம் ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும் சாமானில்லை, பராமரிக்க வேண்டியது.

இனிச் செலவுக் கணக்கு. டயருக்கும் செயினுக்கும் பிரேக் கம்பிக்கும் நான் ஏற்கெனவே கொஞ்சப் பணம் போட்டிருந்தேன். 'இவ்வளவு போட்டாயிற்று, இனி விடுவதா?' என்று மனம் கேட்டது. ஆனால் போன பணம் சைக்கிளை வைத்திருந்தாலும் வராது, கொடுத்தாலும் வராது. இரண்டு தட்டிலும் சமமாக இருப்பதைத் தராசில் வைத்து என்ன பிரயோசனம்? இனிப் போகப்போகும் பணத்தையும் இனி நோகப்போகும் கையையும்தான் நிறுக்கவேண்டும். வீண்விரயம் என்ற கேள்வியும் அப்படித்தான். ஒரு பொருளைக் கைமாற்றுவது விரயமாகாது. பொருந்தாத ஒருவர் அதை வீட்டுச் சுவரில் சாத்தி வைத்துத் துருப்பிடிக்க விடுவதுதான் விரயம். எனக்குப் பெரிதான சைக்கிள் ஊரில் இன்னொருவருக்கு அளவாக இருக்கும்.

ஆனால் தராசில் இன்னொன்றும் இருந்தது. அது பணமாகச் செலவாகியதல்ல, மச்சானின் அன்பு. அதைப் போன கணக்கில் எழுத முடியாது. கொடுத்தவர் உயிரோடிருக்கும் வரை அது நடப்புக் கணக்கு. இங்கேதான் கேள்வியின் உண்மையான முகம் எனக்குத் தெரிந்தது. நான் இவ்வளவு நாளும் எனக்கும் சைக்கிளுக்கும் இடையிலான பிரச்சினையாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளுக்கு ஒரு பக்கம் கிடையாது. அதை விற்றால் அதற்கு நோகாது. அதனால் பொருளை மாற்றுவதில் பொருளுக்கு அநியாயம் நடப்பதேயில்லை. பக்கம் உள்ளவர்கள் மூவர்: ஓட்டுகின்ற நான், தந்த மச்சான், இனி ஓட்டப்போகும் யாரோ. தீர்ப்பு இந்த மூவருக்கிடையில் நியாயமாக இருக்கவேண்டும்.

மச்சானோடு தொலைபேசியில் கதைத்தேன். வலியைச் சொன்னேன், அளவுகளைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்.

"அப்ப இத்தன நாளும் ஏன் மச்சான் சொல்லல்ல?"

"நீங்க மனம் நோவீங்க எண்டுதான்."

"கை நோகுறத விட மனம் நோகுறது பெரிசா? நான் சைக்கிளத் தந்தது ஓடுறத்துக்கு. என்னை நினைச்சிட்டு இருக்கிறத்துக்கா தந்தன்?"

அன்பளிப்பைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. கொடுத்தவர் விரும்பியது நமது சுகத்தை. பொருள் அதற்கு வாகனம். வாகனத்தைக் காப்பாற்றுவதற்காகச் சுகத்தைப் பலியிட்டால் அன்பளிப்பைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

எனது பழைய மாணவர்களில் ஒருவர், பிரதேச செயலகத்தில் தொழில் பார்ப்பவர், ஆறடி உயரம். அவரிடம் கொடுக்கும்போது, அளவு பெரிதென்பதால்தான் தருகிறேன் என்பதையும், பின்சக்கரத்தில் சின்ன நெளிவு இருப்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, 52 அளவில் பாவித்த சைக்கிளொன்றை எடுத்தேன். பார்வைக்கு முந்தியதைவிட மட்டம், கனமும் கூட. சீட்டை மட்டும் பழையதிலிருந்து கழற்றி இதில் பூட்டிக்கொண்டேன். அது என் உடம்போடு பழகியிருந்தது. விரல் இப்போது மரப்பதில்லை.

இவ்வளவையும் ஒரு சைக்கிளுக்காக எழுதவேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். இதே கேள்வி வேறு உருவத்தில் எனது பாடசாலைக்குள் வந்திராவிட்டால் நானும் எழுதியிருக்க மாட்டேன்.

எமது பாடசாலை 1சி தரத்தைச் சேர்ந்தது. உயர்தரத்தில் கலைப் பிரிவு மட்டும்தான் இருக்கிறது. விஞ்ஞானமும் கணிதமும் படிப்பதென்றால் இருபது கிலோமீற்றர் தள்ளியுள்ள நகரத்தின் 1ஏபி பாடசாலைக்குப் போகவேண்டும். சாதாரணதரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் விசேட சித்தி பெற்ற ஒரு பெண்பிள்ளையின் வாப்பா என்னிடம் யோசனை கேட்டு வந்தார். "இங்கேயே கலை படிக்கட்டுமே சேர். பிள்ளை கெட்டிக்காரி, எதிலும் பழகிக்கொள்வாள். விடிய முதல் பஸ்ஸில் போய் இருட்டி வருவதை எப்படிப் பொறுப்பது?" என்றார். நியாயமான கவலை. எனக்கும் அந்தப் பிள்ளை இங்கே இருப்பதில் ஆசை இருந்தது. அவள் இருந்தால் பாடசாலையின் பெறுபேறு உயரும். கெட்டிக்காரப் பிள்ளைகள் வருடாவருடம் நகரத்துக்குப் போவதால் எங்கள் வகுப்பறைகள் வற்றிக்கொண்டே வருகின்றன. சைக்கிளுக்கு ஒரு பக்கம் இல்லை என்று சொன்னேன். பாடசாலைக்கு ஒரு பக்கம் உண்டு. நான் அந்தப் பக்கத்தில் சம்பளம் வாங்குபவன்.

ஆனால் அளவுகோல் ஒன்றுதான். கலைப் பிரிவில் குறையொன்றுமில்லை. அதற்கு உரிய பிள்ளைகள் அதில் ஒளிர்வதை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். இந்தப் பிள்ளையிலும் குறையில்லை. இரண்டுக்கும் இடையில் இருந்த தூரம் எந்தத் துண்டை மாற்றிச் சரிக்கட்டக் கூடியது? எங்களிடம் பௌதிக ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை. மாலை வகுப்பு வைத்தோ புத்தகம் இரவல் கொடுத்தோ நிரப்பக்கூடிய இடைவெளி அதுவல்ல. அது பிரேம். இங்கே நிறுத்தினால் அவள் பழகிக்கொள்வாள்தான். பழகிக்கொள்ளக் கூடியவர்களைத்தான் நாம் எப்போதும் பழகச் சொல்கிறோம். அவர்கள் முறைப்பாடு செய்வதில்லை என்பதை, அவர்களுக்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். சீட்டைத் தள்ளுவது இலேசு.

"அனுப்புங்கள்" என்று சொன்னேன். பஸ் நேரத்தையும், அதே வீதியில் போகும் இன்னும் இரண்டு பிள்ளைகளின் வீட்டையும் சொல்லிவிட்டேன். விடுகைப் பத்திரத்தில் அதிபர் கையொப்பமிடும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலும் நியாயம் இருந்தது.

ஆனால் சைக்கிளிலிருந்து பாடசாலைக்குப் போகும்போது ஓர் இடத்தில் உவமை நின்றுவிடுகிறது. இரும்பு பிரேமை நீட்டவோ குறைக்கவோ முடியாது. பாடசாலை என்னும் பிரேம் மனிதர்கள் தீர்மானித்துச் செய்தது. ஓர் ஆசிரியர் நியமனமும் ஓர் ஆய்வுகூடமும் அதை நீட்டிவிடும். எங்கே மாற்றவே முடியாதோ அங்கே ஆளை நகர்த்துவது நியாயம். எங்கே மாற்ற முடிந்தும் மாற்றாமல் இருக்கிறோமோ அங்கே ஆளை நகர்த்துவது, அந்த ஓர் ஆளுக்கு நியாயமாக இருந்தாலும், பின்னால் வரப்போகும் பிள்ளைகளின் கணக்கில் கடனாக ஏறுகிறது. நகரத்துக்கு அனுப்ப வசதியில்லாத வாப்பாமார் எங்கள் ஊரில் அதிகம். அவர்களின் பிள்ளைகளுக்கு மாற்றிக்கொள்ள வேறு சைக்கிளே இல்லை.

அதனால் அந்தப் பிள்ளை நகரத்துக்குப் போன அதே மாதத்தில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதினோம். கணிதப் பிரிவு தொடங்க அனுமதி, ஒரு பௌதிக ஆசிரியர், ஒரு இரசாயனவியல் ஆசிரியர். கேட்டது இவ்வளவுதான். கடந்த ஐந்து வருடங்களில் நகரத்துக்குப் போன பிள்ளைகளின் எண்ணிக்கையையும், போக முடியாமல் கலைப் பிரிவில் இருந்துவிட்டவர்களின் எண்ணிக்கையையும் இரண்டு நிரல்களில் எழுதி இணைத்திருக்கிறோம். இரண்டாவது நிரல்தான் நீளமானது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த தவணையில் நினைவூட்டற் கடிதம் போடுவதாக இருக்கிறோம்.